கிழக்கு ஓரத்தில் நான், மேற்கு ஓரத்தில் அவர்

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த மத்தியானம், டவுன் பஸ் எங்கள் இருவரையும் ‘கேம்ப்’ ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தகரக் கொட்டகையைப் பார்த்து நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

டாக்டர் என்னைத் தனியாக வைத்துச் சொன்னதை இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் எப்படிச் சொல்வது? அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் டிரைவர் வரைக்கும் கேட்கும்படி கத்த வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

கொட்டகைக்குள் நல்ல வெக்கை. தகரத்தின் பழைய ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்து கிடந்தது. அந்தப் புள்ளிகளை மிதித்துக்கொண்டு அவர் மேற்கு ஓரத்துக்குப் போனார். அங்கே கூரை வளைந்து தரையைத் தொடும். நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டியை மடக்கி, குனிந்து, வலது காதைத் தகரத்தில் வைத்தார். காதில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. நான் பேசட்டும் என்று காத்திருந்தார்.

நான் எதிரே, கிழக்கு ஓரத்தில் நின்றேன்.

அவர் அப்படியே கொஞ்ச நேரம் நிற்கட்டும். நான் பழைய கதைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன். இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் என்னோடு வருகிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். நேர் ரோட்டில் நடக்க எனக்கு வராது.

முடுக்கி நிறுத்திய ஊர்

எங்கள் ஊருக்கு ரெக்கார்டில் ஒரு நல்ல பெயர் உண்டு. அதைச் சொன்னால் கண்டக்டருக்கே தெரியாது. ‘கேம்ப்’ என்றால்தான் விசில் கொடுப்பார். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு வேண்டிக்கொண்டு போகிற ஜனம் ஜன்னல் வழியாகப் பார்த்து, “என்னாடி இது, பாதி புதைஞ்ச பீப்பா மாதிரி இருக்கு” என்று சொல்லிக்கொண்டு போகும்.

அந்தப் பீப்பாதான் கொட்டகை. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து தங்கிய இடம் இது. இந்த முந்திரிக் காட்டில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஜப்பான்காரன் இந்த வழியாக வந்தாலும் தண்ணீர் குடிக்கக்கூட நின்றிருக்க மாட்டான்.

கொட்டகைகளை இங்கே யாரும் கட்டவில்லையாம். எல்லாம் துண்டு துண்டாகக் கப்பலில் வந்ததாம். அரை வட்டமாக வளைத்த இரும்புச் சட்டம், அதே வளைவில் நெளிநெளியான தகரம், ஒரு மூட்டை போல்ட். வரிசையாக நிறுத்தி முடுக்கினார்கள். காலையில் வெறும் பொட்டல், சாயந்திரம் தெரு என்று என் மாமனார் சொல்வார்.

போர் முடிந்தது, பட்டாளம் போயிற்று. கொட்டகைகள் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகக் கரைந்தன. ஊருக்குள் நடந்தால் இன்றைக்கும் பார்க்கலாம். ஒரு வீட்டில் கோழிக் கூட்டுக்கு மேல் வளைந்த தகரம். இன்னொரு வீட்டில் மோட்டார் ரூமுக்கு. ஒரு மாட்டு வண்டிக்குக்கூட அதுதான் கூண்டு. எந்த வளைவைப் பார்த்தாலும் இது அந்தக் குடும்பத்துத் துண்டு என்று எனக்குச் சட்டென்று தோன்றிவிடும்.

முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. உர குடோனாக இருந்தது, ஊரில் காலரா வந்தபோது ஆஸ்பத்திரியாக இருந்தது, பிறகு சும்மா இருந்தது. வெக்கை தாங்காமல் வருஷா வருஷம் யாராவது கிறிஸ்துமஸுக்கு முன்னால் அரியலூர்ச் சுண்ணாம்பைக் கரைத்து அதன் உள்ளும் புறமும் அடித்துவிடுவார்கள். அடுக்கடுக்காக அப்பிய சுண்ணாம்புதான் அதைத் துருவிலிருந்து காப்பாற்றியது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அடித்தவர்கள் என்னவோ குளிர்ச்சிக்காகத்தான் அடித்தார்கள்.

தெருவுக்கே கேட்கும் வீடு

நான் வரதராசன்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலையும் கூடவே கிடைத்தது. அவர் பெயர் சவரிமுத்து. சுண்ணாம்புக்கல் குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடுவார். பஞ்சு எவ்வளவைத் தாங்கும்? கல்யாணத்துக்கு முன்பே காது பாதி போயிருந்தது. பெண் பார்க்க வந்தபோது பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். அமைதியான மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

வந்த பிறகுதான் தெரிந்தது. “சாப்பிட வாங்க” என்பதைக்கூட அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னால் நாலு வீடு தள்ளி இருப்பவர் கை கழுவிவிட்டு வருவார். அவர் பேசுவதும் அப்படித்தான், தன் சத்தம் தனக்கே கேட்காததால் எல்லாவற்றையும் குவாரிக் குரலில்தான் பேசுவார். “ஏன்டி மூஞ்சி வாடிக்கெடக்கு, எம் மேல கோவமா?” என்று ஆசையாகத்தான் கேட்பார். மறுநாள் குழாயடியில் நாலு பேர் என்னிடம் அதையே கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

திருச்சியில் காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். அது எங்கள் பேச்சோடு லாரி, காக்கா, பம்புசெட் எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே அனுப்பியது. நாலு நாள் போட்டுப் பார்த்துவிட்டு பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடிவிட்டார்.

எனக்கு வேறு குறை ஒன்றும் இல்லை. நல்ல மனுஷர், குடி கிடையாது. ஆனால் புருஷனிடம் மெதுவாக ஒரு வார்த்தை பேச முடியாமல் ஒரு பெண் எத்தனை வருஷம் இருப்பாள்? கத்திச் சொல்லக் கூடிய விஷயம் மட்டும்தான் எங்களுக்குள் பேச்சு. அரிசி தீர்ந்தது, கரண்ட் போனது, அக்கா வீட்டுக்குப் போகணும். மற்றதெல்லாம் என் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

திரேசம்மாவின் பால்

புது ஆயிரமாண்டு பிறக்கப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் பழைய கோவிலின் மேல்தளம் உதிர ஆரம்பித்தது. இடித்துப் புதுசாகக் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் பூசைக்குக் கொட்டகை.

தவக்காலம் வந்தது, ஜனம் ஒவ்வொருவராக வந்து தங்கள் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு இடம் வேண்டும். பங்குச் சாமி, அதாவது எங்கள் பாதிரியார், யோசித்து, ஜனத்திலிருந்து முடிந்தவரை தள்ளி இருக்கட்டும் என்று மேற்கு ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். வரிசையில் காத்திருப்பவர்களுக்குக் கிழக்கு ஓரத்தில் பெஞ்சு. நடுவில் நல்ல இடைவெளி. யார் பார்த்தாலும் சரியான ஏற்பாடு என்றுதான் சொல்வார்கள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து, அசதியில் தலையைத் தகரத்தில் சாய்த்தேன். காதுக்குள் ஒரு பெண் அழுதாள். “பால்ல தண்ணி ஊத்துனேன் சாமி. வாய்க்கா தண்ணி இல்ல சாமி, நல்ல தண்ணிதான்.”

பால்காரத் திரேசம்மா. எதிர் ஓரத்தில், முக்காட்டுக்குள் குனிந்து, மூச்சாகப் பேசுகிறாள். என் பக்கத்தில் தலை சாய்த்திருந்த பெஞ்சு முழுக்க ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் செம்பை நீட்டிக்கொண்டு ஒருத்தி கேட்டாள். “திரேசம்மா, இன்னைக்குப் பாலு எந்தக் கெணத்துல கறந்தது?”

பாவம் திரேசம்மா. சாமிதான் வெளியே சொல்லிவிட்டார் என்று நினைத்து, அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றப் போனாள். சாமி ஆடிப்போய்விட்டார். கோவில் வேலைகளுக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரைக் கூப்பிட்டுக் கிழக்கே உட்கார வைத்து, தான் மேற்கே உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்த்தார். உபதேசியார் அங்கிருந்தே, “காபிக்குச் சக்கரை இல்லைங்கிறீங்க சாமி” என்றார்.

அன்றோடு நாற்காலி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. ஊர் சிரித்து மறந்தது. எனக்கு மட்டும் அது மறக்கவில்லை.

ஒரே நெளிவில் இருவர்

தகரத்தின் நெளிவு ஒவ்வொன்றும் கிழக்குத் தரையில் புறப்பட்டு, தலைக்கு மேலே ஏறி, மேற்குத் தரையில் இறங்குகிறது. ஒரு நெளிவுப் பள்ளத்தில் சொன்னது அதே பள்ளத்தோடு ஊர்ந்து அந்தப் பக்கம் போகிறது. அவ்வளவுதான் சங்கதி. நல்ல காதில் அப்படி அதிர்கிறது என்றால், பாதிக் காதுக்குக் கொஞ்சமாவது எட்டாதா?

ஒரு சாயந்திரம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். விரலால் தொட்டு ஒரு நெளிவைக் காட்டி, காதை அங்கே வைக்கச் சொல்லி சைகை செய்தேன். நான் எதிரே போய் அதே நெளிவின் மறுமுனையில் வாயை வைத்தேன். என்ன சொல்வது என்று யோசித்து வரவில்லை. வாயில் வந்தது அவர் பெயர். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான்.

“சவரி.”

அவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் நெளிவைப் பார்த்து மறுபடி சொன்னேன். அவர் முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை. “லூர்து, ஒன் கொரலு இம்புட்டு மெல்லிசா?” என்று கத்தினார். வெளியே மாடு ஓட்டிப் போனவர் எட்டிப் பார்த்தார்.

பிறகு அவரும் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டார். வீட்டில் குவாரிக் குரல், கொட்டகையில் வேறு ஆள். ஜனம் இல்லாத சாயந்திரங்களில் போய்விடுவோம். வெயில் தாழ்ந்து தகரம் குளிரும்போது அங்கங்கே டிக், டிக் என்று சத்தம் விடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் நெளிவு வழியாக இறங்கி என் காதுக்கு வரும். குழந்தை இல்லாத வருத்தத்தை முதன்முதலில் நாங்கள் பேசியது அங்கேதான். அவருக்கும் அது இருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

பாய் சுரண்டிப் பார்த்தார்

புதுக் கோவில் எழும்பியது. கொட்டகையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அதில் கோவிலுக்கு மைக் செட் வாங்கலாம் என்று கோவில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவை தீர்மானித்தது. லெப்பைக்குடிகாட்டிலிருந்து ஜமால் பாய் வந்தார். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, பழைய கட்டிடச் சாமான் வியாபாரம் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொட்டகைக்குள்ளேயே கூட்டம்.

பாய் பேனாக் கத்தியை எடுத்துச் சுண்ணாம்பைச் சுரண்டினார். அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்து, கடைசியில் உலோகம் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. “மாஷா அல்லாஹ்! கப்பல் தகரம் சாமி. பொட்டுத் துரு இல்ல. இன்னும் ரெண்டு தலைமுறை தாங்கும்” என்றார்.

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்” என்று பேரவைத் தலைவர் கையைத் தேய்த்தார். “பாய், வெலைய நல்லாப் போடுங்க.”

எழுந்து என்னவென்று சொல்வது? புருஷனிடம் கொஞ்சிப் பேச ஒரு இடம் வேண்டும், விற்காதீர்கள் என்றா? திரேசம்மாவையே விட்டுவைக்காத ஊர் இது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து குவாரிக் குரல் எழுந்தது.

“விக்காதீங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். “எனக்கு மணிச் சத்தம் கேக்காது, பூசை கேக்காது. ஒங்க யாரு பேசுறதும் கேக்காது. இங்க ஒக்காந்தா எம் பொண்டாட்டி பேசுறது மட்டும் கேக்கும். அதையும் எடைக்குப் போட்டுட்டீங்கன்னா நான் எங்க போறது?”

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். யாரோ சிரித்தார்கள். பேரவைத் தலைவர், “அதெப்புடிப்பா, கோவில் மணி கேக்காதவனுக்குப் பொண்டாட்டி குசுகுசுப்பு கேக்கும்?” என்றார்.

சாமி எழுந்தார். “லூர்து டீச்சர், கிழக்கால போயி நில்லுங்க. எதாச்சும் சொல்லுங்க, பார்ப்போம்.”

ஊரே பார்த்துக்கொண்டிருக்க எங்கள் நெளிவுக்குப் போனேன். நான் எதைச் சொன்னாலும் இந்த மனுஷர் உரக்கத் திருப்பிச் சொல்லிவிடுவார் என்ற பயம் வேறு. திரும்பிப் பார்த்தேன். மேற்கு ஓரத்தில் முட்டியை மடக்கி, முகம் சுளித்து, குனிந்து நின்றார். இரண்டு நாளாக முட்டி வலி அவருக்கு. தகரத்தில் வாயை வைத்து, “முட்டி வலிக்குதுன்னீங்களே, ஒக்காருங்க” என்றேன்.

“முட்டி வலிக்குமாம், ஒக்காரச் சொல்றா!” என்று முழங்கிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. திரேசம்மாதான் மூக்கை உறிஞ்சினாள்.

ஜமால் பாய் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, முன்பு சுரண்டிய அதே இடத்தில் மறுபடியும் சுரண்டினார். “அடடா, பாக்கத்தான் பளபளப்பு. உள்ள உளுத்துப்போச்சு சாமி. கழட்டுற ஆளு கூலிக்கே காணாது. எனக்கு வேணாம்.”

“இப்பத்தானய்யா ரெண்டு தலைமுறைன்னீரு?” என்றார் தலைவர்.

“வெளிச்சம் பத்தல, சரியாத் தெரியல” என்றார் பாய், பகல் பதினொரு மணிக்கு.

சாமிக்குச் சிரிப்பு முட்டியது. “பாய், இந்தப் பொய்க்கு எங்ககிட்டன்னா பாவசங்கீர்த்தனம் இருக்கு. நீங்க என்னா பண்ணுவீங்க?”

“அல்லாஹ்வுக்கு எம் மனசுல உள்ள நிய்யத்து தெரியும் சாமி” என்று கத்தியை மடக்கினார். போகும்போது என் பக்கத்தில் நின்று சொன்னார். “தங்கச்சி, நானும் தகர ரூம்புலதான் அத்தன வருஷம் கெடந்தேன். எங்க வூட்டு அம்மா கேசட்டுல பேசி அனுப்பும். ரீலு தேஞ்சு போற வரைக்கும் கேப்பேன். பேச்சு சும்மா இல்லம்மா.”

அடுத்த வாரம் ஒரு பை நிறையப் புது போல்ட் வந்து சேர்ந்தது.

ஆணி அடிக்கக் கூடாத தகரம்

கொட்டகை தையல் கிளாஸ் ஆயிற்று. அடிச் சட்டம் மண்ணில் அரித்துப்போன இடத்தில் சிமெண்ட் வைத்து உயர்த்தினோம். உளுத்த போல்டை எடுத்துவிட்டுப் பாய் கொடுத்ததை முடுக்கினார் அவர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாங்கள் இருவருமே சுண்ணாம்பு அடித்தோம். ஊரில் ஒரு சட்டமும் வந்துவிட்டது. நடுவில் இருக்கிற அந்தத் தகரத்தில் மட்டும் ஆணி அடிக்கக் கூடாது, காலண்டர் மாட்டக் கூடாது.

செல்போன் வந்த பிறகு தையல் படிக்கிற பெண்களுக்கு என்னைக் கிண்டல் செய்ய அது போதுமாக இருந்தது. “டீச்சர், இன்னைக்கு டவர் கெடைக்குதா?” என்பார்கள். ஓடிப் போங்கடி என்று அளவு டேப்பை வீசுவேன். டவர் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வருஷம் போகப் போக, ஒரே வார்த்தையை நான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மூன்று தரம். அதனால்தான் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மறுபடி அந்த மத்தியானம்

பாவம், அவரை நிற்க வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டர் சொன்னது இதுதான். மிச்சம் இருந்ததும் போய்விட்டது. கொஞ்ச நாளாகவே எதுவும் கேட்டிருக்காது. இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் போன வாரம் இதே இடத்தில் நான் சொன்னதற்குத் தலையாட்டினாரே? கிளாஸில் ஒரு பெண் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்ட கதைக்குச் சிரித்தாரே? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதுதான் என் மண்டைக்குள் ஓடிற்று.

நெளிவில் வாயை வைத்தேன். சுண்ணாம்பு உதட்டில் ஒட்டிக் கரித்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் எத்தனையோ விதமாக அடுக்கிப் பார்த்துவிட்டேன், ஒரு வார்த்தை வரவில்லை. சும்மா நின்றேன். மூச்சுகூட விடவில்லை என்று நினைக்கிறேன். வெயில் புள்ளிகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

எதிர் ஓரத்தில் அவர் தலையாட்டினார். கையைத் தரையில் ஊன்றி, முட்டியைத் தடவிக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார். பிறகு அவர் குரல் தகரத்தில் ஊர்ந்து தலைக்கு மேலே ஏறி என் காதில் இறங்கியது. குவாரிக் குரல் இல்லை, எனக்கென்று பழகிய அந்த மெல்லிய குரல்.

“சரி சரி, ஒக்காந்துட்டேன். சொல்லு.”

நான் அழுதேன், அவருக்குத் தெரியாத மாதிரி தகரத்தைப் பார்த்து அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் ஆஸ்பத்திரி கேண்டீனில் சாம்பாரில் உப்பே இல்லை என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.